லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு: பழைய மின்சாமான்களுள் எதை லோரியில் ஏற்றுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்த லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) என் தாயார் இந்த மாதம் காலி செய்கிறார். அவர் போகும், பட்டணத்து ஓரத்தில் இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு சிறியது. சாமான் ஏற்ற வருவது ஒரே லோரி, அதுவும் ஒரே நடை. கட்டில், பீரோ, சாமி மேடை ஆகியவற்றைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சர்ச்சை முழுவதும் மின்சாமான்களைப் பற்றியதுதான். 1993இல் வாங்கிய இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி, இரண்டு கூரைக் காற்றாடிகள், கல் வைத்த சாய்ப்புக் கிரைண்டர், ஒரு ரைஸ் குக்கர், ஓர் இஸ்திரிப் பெட்டி ஆகிய அனைத்தும் முப்பது ஆண்டுகளைக் கடந்தவை. அனைத்தும் இன்றும் ஓடுகின்றன. எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்பது அக்காளின் கட்சி. எதையும் தொடக்கூடாது, இப்படிப்பட்ட சாமான் இனிமேல் கிடைக்காது என்பது தம்பியின் கட்சி. கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

தம்பியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்துச் சாமான் உழைக்கும் என்பது பாதி உண்மை. அதே வீட்டில் அதே காலத்தில் வாங்கிய இரண்டு தொலைக்காட்சிகள், ஒரு துணி துவைக்கும் இயந்திரம், மூன்று பிளெண்டர்கள் எங்கே போயின என்று கேட்டால் தம்பியிடம் பதில் இல்லை. செத்தவை குப்பைக்குப் போய்விட்டதால், எஞ்சியவற்றை மட்டும் பார்த்து அந்தக் காலத்தையே புகழ்கிறோம். மற்றப் பாதி உண்மை வேறிடத்தில் இருக்கிறது: எஞ்சிய சாமான்கள் எதிலும் மின்னணுப் பலகை கிடையாது. சுருள், இரும்பு, காந்தம், வெப்பத்தில் வளையும் உலோகத் தகடு ஆகியவைதாம் உள்ளே இருக்கின்றன. உலகிலேயே இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்றான மலேசியாவில், மழைக்கால மாலைகளில் மின்சாரம் போய்ப் போய் வரும் தோட்டப்புறத்தில், இது சிறிய விஷயமன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காள் வீட்டில் ஓர் இடியோடு, மோட்டார் வேகத்தை மின்னணுப் பலகையால் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் வகைக் குளிர்சாதனப் பெட்டியின் பலகை எரிந்தது. பலகையின் விலையைக் கேட்டுவிட்டு அவர் வேறு பெட்டியே வாங்கிவிட்டார்.

வயது கணக்கில் வராவிட்டால் வேறு எதை வைத்து முடிவு செய்வது? ஒரு சாமான் எத்தனை வாட் இழுக்கிறது என்பதையும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அத்துடன் அந்த வீட்டில் ஒரு யூனிட்டின் விலை என்ன என்பதையும் சேர்க்க வேண்டும். 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை நடப்பிலிருந்த கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.8 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட், எங்கள் பேச்சில் ஒரு வெள்ளி), 300ஐத் தாண்டினால் 51.6 சென் என்று படிக்கட்டுப் போல இருந்தது. 2025 ஜூலையில் முறை மாறிய பிறகும், மாதம் 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஊக்கத்தள்ளுபடி போக யூனிட் ஏறத்தாழ 20 சென்தான் ஆகிறது. குளிரூட்டிகள் ஓடி 700 யூனிட்டைத் தொடும் என் ஈப்போ வீட்டில் அதே யூனிட் ஏறத்தாழ 40 சென். தாயார் மாதத்துக்குச் சுமார் 170 யூனிட் பயன்படுத்துகிறார். ஒரே சாமானுக்கு இரண்டு வீடுகளில் இரண்டு விடைகள் வரக்கூடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

இஸ்திரிப் பெட்டியும் ரைஸ் குக்கரும் கணக்குக்கே நிற்கவில்லை. சூடாக்குவதே வேலை என்று இருக்கும் சாமானில் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஆயிரம் வாட் பழைய பெட்டியை விட ஆயிரம் வாட் புதிய பெட்டி எதையும் மிச்சம் பிடித்துத் தராது. இஸ்திரிப் பெட்டியின் துணி சுற்றிய வயர் நைந்திருந்ததால் அதை மட்டும் மாற்றினோம். நேஷனல் ரைஸ் குக்கரின் அடியில் இருப்பது ஒரு காந்தம். தண்ணீர் இருக்கும் வரை பானை 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு அதற்கு மேல் ஏற, காந்தம் தன் பிடியை இழந்து சுவிட்சைத் தட்டிவிடுகிறது. பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. நேஷனல் என்ற பெயர் கடைகளிலிருந்து மறைந்து பானாசோனிக் ஆகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குக்கர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் தினமும் டக் என்று விழுகிறது. இரண்டையும் லோரியில் ஏற்றுகிறோம்.

காற்றாடிகளில் கணக்கு சற்று நெருங்கி வருகிறது. பழைய காற்றாடி முழு வேகத்தில் 75 வாட் அளவு இழுக்கும். இப்போது விற்கும் டிசி மோட்டார் காற்றாடி 30 வாட்டுக்குச் சற்று மேலோ கீழோ இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம். தாயார் வீட்டு விலையில் அது நாற்பது வெள்ளிக்கும் குறைவு. புதிய காற்றாடிக்கு இருநூற்றைம்பது வெள்ளி போட்டால் முதல் திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதற்குள் பலகையோ ரிமோட்டோ எத்தனை முறை மக்கர் செய்யும் என்பது வேறு கதை. எனவே இரண்டையும் கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அவை மெதுவாகச் சுற்றத் தொடங்கியிருந்ததற்குக் காரணம், மோட்டாரைச் சுழற்ற உதவும் கெப்பாசிட்டர் வலுவிழந்ததுதான். சில வெள்ளிக்கு அது கிடைக்கிறது.

முடிவை மாற்றியது மின்சாரமன்று, ஒரு போல்ட். கழற்றிக் கீழே இறக்கியபோது, அறையில் இருந்த காற்றாடியின் தண்டு கொக்கியில் மாட்டும் இடத்தில், முப்பது ஆண்டுகளாக ஆடி ஆடிப் போல்ட்டின் நடுப்பகுதி பென்சில் சீவியதைப் போலத் தேய்ந்திருந்தது. அதைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர், விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. போல்ட் கழன்று போகாமல் தடுக்கும் பிளவு ஊசியின் இடத்தில் யாரோ ஓர் ஆணியை வளைத்துச் செருகியிருந்தார்கள். தாயார் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே இது இத்தனை காலம் சுற்றியிருக்கிறது. தண்டின் திருகுமரையும் தேய்ந்திருந்ததால் அந்தக் காற்றாடியை விட்டுவிடுகிறோம். நடுவீட்டுக் காற்றாடி புதிய போல்ட், புதிய ரப்பரோடு தாமானுக்கு வருகிறது. லயத்து வீட்டில் காற்றாடி தடித்த மர உத்தரத்தில் தொங்கியது. தாமான் வீட்டுக் கூரையடித் தகடு பாரத்தைத் தாங்காது என்பதால், மேலே உள்ள சட்டத்தில் கொக்கி போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரைக் குதிரைத்திறன் மோட்டார், பெல்ட், கருங்கல் தொட்டி, உருண்டைக் குழவி, மாவை ஊற்றச் சாய்ப்பதற்கு ஒரு பிடி என்று அமைந்த பழைய வகை. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டு முழுவதும் ஓடினால் 25 யூனிட், ஐந்து வெள்ளி. மின்கட்டணத்தைக் காட்டி இதை யாரும் தள்ள முடியாது. மாவின் தரத்திலும் பிளெண்டர் இதற்குப் போட்டியில்லை: பிளெண்டரின் கத்தி நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் வெட்டி மாவைச் சூடாக்கிவிடும், கல் மெல்ல அரைத்து உளுந்தைப் பொங்க விடும். கோயம்புத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்றால் அதற்கு இந்தக் கல்தான் காரணம்.

ஆனால் தாயார் கிரைண்டரைப் போடும் முன் தவறாமல் ரப்பர்ச் செருப்பை அணிந்துகொள்வார். சமையலறைக்குள் வேறு எதற்கும் செருப்புப் போடாதவர். காரணம் கேட்டபோது, “கரண்டு லேசா இழுக்கும்யா, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது” என்றார், உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்வதைப் போல. பதினைந்து ஆண்டுகளாக இதுதான் நடைமுறை. பிளக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டே வயர்கள். பச்சை வயர் வெட்டி விடப்பட்டிருந்தது. கிரைண்டரோடு இந்தியாவிலிருந்து வந்த உருண்டை முள் பிளக்கை எறிந்துவிட்டு இரண்டு முள் பிளக் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மூன்று துளைச் சுவிட்சில் மேல் துளைக்குள் ஒரு பேனா முனையை விட்டு, மூடி திறந்ததும் பிளக்கை அழுத்துவது நம்மவர்கள் பலருக்கும் பழகிய வித்தை. அந்த மேல் துளைதான் நிலத்தொடுப்பு (எர்த்), பச்சை வயர் வழியாகக் கசிவு மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் வழி. செருப்பு கசிவை நிறுத்தவில்லை. தாயாரின் உடல் வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கும் பாதையைத்தான் மறித்துக்கொண்டிருந்தது.

இடமாற்றத்தில் இது வேறு விதத்திலும் குறுக்கே வரும். லயத்து வீட்டில் இருந்தவை பழைய பியூஸ்கள் மட்டுமே. தாமான் வீட்டில் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வீடு முழுவதையும் அணைத்துவிடும். பச்சை வயரை முறையாக இணைத்த உடனே, முன்பு செருப்புக்குள் ஒளிந்திருந்த கசிவு வெளியே வந்து துண்டிப்பானைத் தட்டும், தட்ட வேண்டும். அப்போது துண்டிப்பான்தான் பழுது என்று அதை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. பட்டணத்தில் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினோம். மோட்டாருக்குள் போகும் வயரின் உறை பிய்ந்து, கழுவும் தண்ணீர் அதில் இறங்கியிருந்தது. மூன்று இழை வயர், 13 ஆம்பியர் பிளக், கூலி எல்லாம் சேர்த்து நாற்பது வெள்ளிக்குள் முடிந்தது. “மோட்டார் இன்னும் இருபது வருஷம் ஓடும்மா, உங்க கைதான் தாங்கணும்” என்றார் அவர்.

உண்மையும் அதுதான். எழுபத்து நான்கு வயதில் அந்தத் தொட்டியைச் சாய்ப்பது நடக்கிற காரியமன்று. இப்போது அவர் ஊறப்போடுவது அரைக் கிலோ அரிசி. இரண்டு கிலோவுக்கு அளந்து செய்த கல்லில் அரைக் கிலோவைப் போட்டால் குழவி கல்லோடு மோதிச் சத்தம் போடுகிறதே தவிர மாவு ஏறுவதில்லை. பாத்திரத்தைக் கழற்றிக் கழுவக்கூடிய மேசைக் கிரைண்டர் ஒன்று அவருக்குப் போதும். பழையது, பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) தோசை போட்டு விற்கும் பக்கத்து லயத்து அம்மாளிடம் போகிறது. நன்றாக ஓடும் சாமானை விட்டுச் செல்வது இது ஒன்றைத்தான். பழுது அதில் இல்லை, அளவு பொருந்தவில்லை.

எஞ்சியது குளிர்சாதனப் பெட்டி. தாயார் இன்றும் அதை ஐஸ் பெட்டி என்றுதான் சொல்கிறார். தோட்டத்து மின்னாக்கி இஞ்சின் மாலை சில மணி நேரமும் பெரட்டுக்கு (தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் நேரம்) முன் விடியலில் சிறிது நேரமும் மட்டுமே ஓடிய காலத்தில் லயத்தில் யாரும் ஐஸ் பெட்டி வாங்க முடியாது; இருபத்து நான்கு மணி நேர மின்சாரம் வந்த பிறகு தவணையில் வாங்கிய முதல் பெரிய சாமான் இது. ஆகவே இதை வெறும் சாமானாக மட்டும் பார்க்கச் சொல்லி அவரிடம் கேட்க முடியாது. என்றாலும், ஓய்வில்லாமல் இரவும் பகலும் ஓடுவது இது ஒன்றே என்பதால், கணக்குப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

சுவிட்சுக்கும் பிளக்குக்கும் இடையில் செருகும் மின் அளவியை வாங்கி ஒரு வாரம் விட்டு வைத்தேன். நாளுக்குச் சராசரியாக 2.4 யூனிட் காட்டியது. ஏறத்தாழ அதே அளவுள்ள புதிய இன்வர்ட்டர்ப் பெட்டியின் ஐந்து நட்சத்திர வில்லையில் ஆண்டுக்கு 300 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக எழுதியிருந்தது, அதாவது நாளுக்கு 0.8. வித்தியாசம் ஆண்டுக்கு 584 யூனிட். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் தாயார் வீட்டு விலையில் அது 117 வெள்ளி. கடையில் சொன்ன 1,400 வெள்ளியைத் திரும்ப எடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள். இதே பெட்டி என் வீட்டில் ஓடியிருந்தால் மிச்சம் இரு மடங்காகி ஆறு ஆண்டுகளில் முதல் திரும்பியிருக்கும். அக்காள் தன் வீட்டு பில்லை மனத்தில் வைத்துப் பேசினார். அவருக்கு அது சரி, தாயாருக்குச் சரியன்று.

இடையில் தம்பி மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னான்: தாயாருக்குப் புதியது வாங்கிவிட்டு, பழையதைத் தன் வீட்டு முன் கொட்டகையில் வைத்துக் குளிர்பானப் பெட்டியாக்குவது. எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான் என்பேன். பழையதை நிறுத்தவில்லை, புதியதன் செலவும் கூடுகிறது. வெயில் படும் கொட்டகையில் அது 2.4ஐயும் தாண்டும், அவன் வீட்டு விலையில் ஆண்டுக்கு 350 வெள்ளி, நான்கு போத்தல் பானத்தைக் குளிர வைக்க.

தாளில் மிகச் சிறந்ததாகத் தெரிந்தது வேறொன்று. தனியாக இருக்கும் ஒருவருக்கு இரட்டைக் கதவுப் பெட்டி எதற்கு? எழுநூறு வெள்ளி அளவில் கிடைக்கும் ஒற்றைக் கதவுச் சிறிய பெட்டி ஆண்டுக்கு 200 யூனிட் அளவில் ஓடும். ஐந்து ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். தாயார் ஒரே கேள்வியில் இதை முடித்துவிட்டார்: தீபாவளிக்கு நீங்கள் எல்லாரும் வரும்போது மீனையும் இறைச்சியையும் எங்கே வைப்பேன்?

அதற்குப் பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேல் மூலையில் மட்டும் தாள் தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர்ப் பட்டை அந்த இடத்தில் இறுகி விறைத்திருந்தது. நம் ஊர் ஈரக் காற்று அந்த இடுக்கு வழியாக நாள் முழுவதும் உள்ளே போய்ப் பனியாக உறைந்துகொண்டிருந்தது. பின்புறக் கம்பிகளில் சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெயும் சேர்ந்து பிடித்த தூசி, கம்பளி போலப் படிந்திருந்தது. பெட்டியும் சுவரை ஒட்டி நின்றது. பட்டையை மாற்றி, கம்பிகளைத் துடைத்து, ஒரு சாண் முன்னே இழுத்து வைத்து மீண்டும் ஒரு வாரம் அளந்தேன். 1.8 யூனிட். இப்போது புதிய பெட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு ஒரு யூனிட், இருபது சென்.

முப்பது ஆண்டுகள் ஓடியதில் அதிசயமும் அதிகமில்லை. கம்ப்ரசரின் மோட்டார் இரும்புக் கூட்டுக்குள் எண்ணெயில் ஊறி, தூசியும் ஈரமும் படாமல் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியே இருக்கும் ரிலேயும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் மலிவாக மாற்றலாம். அதன் பலவீனம் குழாய்களுக்குள் ஓடிக் குளிரூட்டும் வாயுவில் இருக்கிறது. பின்புறத் தகட்டில் ஆர்-12 என்று அச்சிட்டிருக்கிறது. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுவை மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி வளரும் நாடுகளும் 2010க்குள் கைவிட்டுவிட்டன. குழாய் ஒருநாள் கசிந்தால் அதே வாயுவை நிரப்ப வழியில்லை. வேறு வாயுவுக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்பவருக்குக் கொடுக்கும் பணம், புதிய பெட்டிக்கு முன்பணமாகப் போக வேண்டியது. ஆகவே பெட்டியை எடுத்துப் போகிறோம், ஆனால் வாயு போகும் நாளே அதன் கடைசி நாள் என்ற ஒப்பந்தத்தோடு.

அந்த நாள் வந்தாலும், வாயு இன்னும் உள்ளே இருக்கும்போதே வேறு காரணத்தால் விட நேர்ந்தாலும், “சூராட் காபார் லாமா” (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய சாமான் லோரிக்கு அதைக் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். செம்புக்காகக் குழாயை வெட்டும் முதல் வெட்டிலேயே வாயு வெளியேறிவிடும். உள்ளே இருப்பது நூறு கிராம் அளவுதான் என்றாலும், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. நூறு கிராம் ஒரு டன்னுக்குச் சமம். மின்கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு என்பதால், அதை எடுக்க உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

லோரி வெள்ளிக்கிழமை காலை வருகிறது. பெட்டியைப் படுக்க வைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும், பழைய குழாய் குலுங்கலில் விரிந்தும் போகலாம். எனவே மற்றச் சாமான்களை ஏற்றுவதற்கு முன் இதை நிற்க வைத்துக் கயிற்றால் ஓட்டுநர் அறையோடு இறுகக் கட்ட வேண்டும். இறக்கிய பிறகு நான்கு மணி நேரமாவது சுவிட்சைத் தொடக்கூடாது என்று தாயாரிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றவர், அந்த நான்கு மணி நேரம் மீன் எங்கே இருக்கும் என்று கேட்டார். அதற்குத்தான் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை.